பி.எம்.டி.டி.யோடு வேலைக்குப் போவது எப்படி: நோட்டுப் போடுவதிலிருந்து எச்.ஆர். மெயில் வரை

பீரியட்ஸ் வர ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே ஆரம்பித்துவிடும். காரணமே இல்லாத அழுகை, பக்கத்து சீட்டில் கீபோர்டு தட்டும் சத்தத்துக்குக்கூட எரிச்சல், ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்பு, இன்றைக்கே ரிசைன் பண்ணிவிடலாம் என்ற முடிவு. பீரியட்ஸ் வந்த இரண்டு மூன்று நாளில் எல்லாம் வடிந்துவிடும். அடுத்த வாரம் போய் அந்த நாட்களில் அனுப்பிய மெயிலைப் படித்தால், இதை நானா எழுதினேன் என்று தோன்றும். அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை.

உங்களுக்கு இப்படி நடக்கிறது என்றால் அது ப்ரீமென்ஸ்ட்ருவல் டிஸ்ஃபோரிக் டிஸார்டராக இருக்கலாம். சுருக்கமாக பி.எம்.டி.டி. பீரியட்ஸுக்கு முன் பலருக்கும் வரும் சாதாரண அசௌகரியமான பி.எம்.எஸ். வேறு, இது வேறு. மாதவிலக்கு வரும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 3 முதல் 8 பேர் வரை இதனால் அவதிப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

நான் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எந்த டாக்டர், எந்த லீவ், மேனேஜரிடம் எவ்வளவு சொல்வது என்று ஒவ்வொன்றையும் முட்டி மோதித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். எல்லாப் படிக்கும் பொதுவான விதி ஒன்று: பேசுவது, கேட்பது, முடிவெடுப்பது எல்லாவற்றையும் நல்ல வாரத்தில் செய்யுங்கள். கெட்ட வாரத்தில் குறித்து வைப்பது மட்டும் போதும்.

ஒரு விஷயம் மட்டும் இந்த வரிசைக்குள் வராது. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு உங்களுக்கு வருகிறது என்றால் அறிகுறிகளை இரண்டு மாதம் நோட்டில் எழுதி முடிக்கட்டும் என்றெல்லாம் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லிவிட்டு, அன்றே மனநல மருத்துவரையோ ஆஸ்பத்திரி அவசரப் பிரிவையோ பாருங்கள்.

1. அறிகுறிகளுக்கு நோட்டுப் போடுங்கள், இரண்டு மாதவிலக்குச் சுற்று முழுக்க

டாக்டர், லீவ், எச்.ஆர். எல்லாமே இந்த நோட்டின் மேல்தான் நிற்கப்போகின்றன. பி.எம்.டி.டி.யைக் காட்டிக்கொடுக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. ஹார்மோன் அளவு எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எல்லாப் பெண்களுக்கும் வழக்கமாக ஏறி இறங்கும் ஹார்மோன்தான். அந்த ஏற்ற இறக்கத்தை நம் மூளை தாங்குவதில்தான் சிக்கல். அதனால் டாக்டருக்குக் கிடைக்கும் ஒரே ஆதாரம், தேதி போட்டு அன்றன்றைக்கு எழுதிய குறிப்பு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேடு 2013இல் இதைத் தனி நோயாகச் சேர்த்தபோது, குறைந்தது இரண்டு சுற்றுகளுக்காவது தினசரிப் பதிவு வைத்து உறுதிசெய்ய வேண்டும் என்றே எழுதியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலிலும் ஜி.ஏ.34.41 என்ற குறியீட்டோடு இது இருக்கிறது. ‘அப்படி ஒரு வியாதியே கிடையாதும்மா’ என்று யாராவது சொன்னால் இந்தக் குறியீடு கைகொடுக்கும்.

இதற்கென்றே ‘டெய்லி ரெக்கார்ட் ஆஃப் சிவியாரிட்டி ஆஃப் ப்ராப்ளம்ஸ்’ என்ற படிவம் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வோர் அறிகுறிக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். 1 என்றால் அறவே இல்லை, 6 என்றால் உச்சம். படிவம் வேண்டாம் என்றால் சாதாரண நோட்டில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து எத்தனையாவது நாள், எரிச்சல், சோகம், பதற்றம், தூக்கம், உடம்பு வலி, கடைசியில் ‘வேலை’. இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆபீஸ் விஷயத்துக்கு உதவப்போவது அதுதான்.

என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்:

‘நாள் 23. எரிச்சல் 5, சோகம் 4, பதற்றம் 5. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. வேலை: காலை மீட்டிங்கில் வாயே திறக்கவில்லை. ஒரே எக்செல் ஷீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் டோட்டல் ஒட்டவில்லை. மதியம் ரெஸ்ட் ரூமில் போய் உட்கார்ந்துகொண்டேன்.’

அடுத்த சுற்றில்: ‘நாள் 7. எல்லாம் 1. அதே ஷீட் டீ குடிக்கப் போகும் முன்பே முடிந்தது.’

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டாக்டருக்கு நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. மாதக் கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் அது செல்லாது. இரவு படுக்கும் முன் அன்றன்றைக்கு எழுதுங்கள். கெட்ட நாளை மட்டும் எழுதி நல்ல நாளைக் காலியாக விடாதீர்கள். பீரியட்ஸ் முடிந்த வாரம் தெளிவாக இருக்கிறதா என்பதைத்தான் டாக்டர் முதலில் தேடுவார். எல்லா நாளும் 3, 4 என்றே இருந்து பீரியட்ஸுக்கு முன் 6க்குப் போகிறது என்றால், ஏற்கெனவே உள்ள மனச்சோர்வோ பதற்றமோ அந்த நேரத்தில் கூடுகிறது என்று அர்த்தமாகலாம். அதற்கு வைத்தியம் வேறு. அப்புறம், இந்தப் பதிவை ஆபீஸ் லேப்டாப்பிலோ ஆபீஸ் மெயில் கணக்கிலோ வைக்கவே வைக்காதீர்கள். அதில் இருப்பது கம்பெனி பார்வைக்கு உட்பட்டது.

2. எந்த டாக்டர், என்ன கொண்டுபோவது

மகப்பேறு டாக்டரும் பார்க்கலாம், மனநல டாக்டரும் பார்க்கலாம். என்னைக் கேட்டால் நேராக மனநல டாக்டரிடம் போய்விடுங்கள் என்பேன். நான் முதலில் போன கிளினிக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ‘எல்லாம் நார்மல், கல்யாணம் ஆனா சரியாயிடும்’ என்று அனுப்பிவிட்டார்கள். கல்யாணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குழந்தை பெற்றால் போய்விடும் என்பதும் அப்படித்தான். இந்தப் பதில் கிடைத்தால் வாக்குவாதம் வேண்டாம், டாக்டரை மாற்றுங்கள்.

நோட்டில் இரண்டாவது சுற்று ஓடும்போதே அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள். பீரியட்ஸ் முடிந்த வாரமாகப் பார்த்துப் போடுங்கள். கெட்ட வாரத்தில் போனால் அங்கே உட்கார்ந்து அழுதுவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பி வருவதுதான் நடக்கும்.

தனியாரில் செலவு செய்ய முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் இருக்கிறது. அங்கே புறநோயாளியாகப் போவது சாதாரண விஷயம். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மற்ற ஊர்களில் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டரைக் கேளுங்கள். ஓ.பி. காலையில்தான் என்பதால் அரை நாள் போய்விடும். ‘பெர்மிஷன்’ எடுத்துச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள், அரை நாள் லீவே போட்டுவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: நோட்டு அல்லது படிவம், ஆதார், பழைய பிரிஸ்கிரிப்ஷன்கள், ஏற்கெனவே எடுத்த தைராய்டு, ரத்த ரிப்போர்ட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல். சித்தா, ஆயுர்வேதம் என்றாலும் எழுதுங்கள். குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இதற்குத் தரும் மருந்து பைபோலார் உள்ளவர்களுக்கு மனநிலையை எதிர்ப்பக்கம் தூக்கிவிடக்கூடும்.

உள்ளே போனதும் நேராக விஷயத்துக்கு வாருங்கள்: ‘டாக்டர், மாசா மாசம் பீரியட்ஸுக்கு முன்னாடி பத்து நாள் இப்படி ஆகுது. வந்த மூணாவது நாள் சரியாயிடுது. ரெண்டு மாசம் எழுதி வெச்சிருக்கேன். பி.எம்.டி.டி.யான்னு பாருங்க.’

3. டெஸ்ட்டும் செலவும்

தைராய்டும் ரத்தசோகையும் இதே மாதிரி சோர்வையும் எரிச்சலையும் தரும் என்பதால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு டெஸ்ட், முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை இரண்டையும் பெரும்பாலும் எழுதித் தருவார்கள். தனியார் லேபில் இரண்டும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். ‘பெண்களுக்கான முழு ஹார்மோன் பேக்கேஜ்’ என்று மூவாயிரம், நாலாயிரம் சொல்வார்கள். பி.எம்.டி.டி.க்கு அது தேவையில்லை. டாக்டர் வேறு காரணத்துக்காக எழுதினால் மட்டும் எடுங்கள்.

சென்னையில் தனியார் மனநல டாக்டருக்கு முதல் தடவை ஏறக்குறைய 700 முதல் 1,500 ரூபாய், அடுத்தடுத்த தடவை கொஞ்சம் குறைவு. கவுன்சலிங் தனி, ஒரு அமர்வுக்கு 800 முதல் 2,000 வரை போகும். கவுன்சலிங்குக்குப் பணம் கட்டும் முன், உங்கள் கம்பெனியில் ஊழியர் உதவித் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கம்பெனிகள் பலவற்றில் வெளி நிறுவனம் மூலமாக வருடத்துக்குச் சில அமர்வுகள் இலவசம். சேருவதற்கு முன் ‘நான் பேசியதில் எதெல்லாம் கம்பெனிக்குப் போகும்?’ என்று ஒரு கேள்வி கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. மருந்தை வேலையோடு பொருத்துவது

எந்த மருந்து, எவ்வளவு என்பது டாக்டர் முடிவு. ஆனால் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் ஆபீஸில் தடுமாற வேண்டியிருக்காது.

முதலில் தருவது பெரும்பாலும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற மனச்சோர்வு மருந்து வகை: ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ராலின், எஸ்சிடலோப்ராம் போன்றவை. மனச்சோர்வுக்கு இவை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். பி.எம்.டி.டி.யில் பலருக்குச் சில நாளிலேயே பலன் தெரிகிறது. அதனால்தான் தினமும் சாப்பிடுவது ஒரு முறை, சுற்றின் பின்பாதியில் மட்டும் சாப்பிட்டு பீரியட்ஸ் வந்ததும் நிறுத்துவது இன்னொரு முறை என இரண்டு விதமாகவும் கொடுக்கிறார்கள். சுற்று ஒழுங்காக வராதவர்களுக்குப் பின்பாதி முறை தலைவலி. என்றைக்குத் தொடங்குவது என்றே தெரியாது. தினமும் சாப்பிடுகிறவர்கள் நன்றாக இருக்கிறதே என்று தாங்களாக நிறுத்தக் கூடாது. தலைசுற்றலும் எரிச்சலும் திரும்பி வரும்.

முதல் சில நாட்கள் குமட்டல், தலைவலி, தூக்கக் குழப்பம் இருக்கலாம். அதனால் ரிலீஸ், ஆடிட், பரீட்சை டியூட்டி இருக்கும் வாரத்தில் தொடங்காமல், முடிந்தால் வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மருந்து விலை பயப்படும்படி இல்லை. சாதாரண எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரை ஒன்று சில ரூபாய்தான், மக்கள் மருந்தகத்தில் இன்னும் குறைவு. சிக்கல் பிரிஸ்கிரிப்ஷனில்தான். பழைய சீட்டைக் காட்டினால் பல கடைகளில் தர மாட்டார்கள். மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த அப்பாயின்ட்மென்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரோஸ்பைரினோன் கலந்த கருத்தடை மாத்திரை இன்னொரு வழி. கண்ணில் மின்னல் தெரிந்து வரும் மைக்ரேன் உள்ளவர்கள், ரத்தக்கட்டு வந்தவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர்கள் அதைத் தொடக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் எந்த மருந்தானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மருந்து தொடங்கியபின் நோட்டை நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று சுற்று எழுதினால்தான் டோஸ் போதுமா என்று தெரியும். ஆக, நோட்டுப் போட்ட நாளிலிருந்து ஓரளவு நிலைக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

5. லீவ் கணக்கு

தமிழ்நாட்டில் தனியார் ஊழியர்களுக்கென்று மாதவிலக்கு லீவ் சட்டம் இல்லை. பீகார் அரசு 1992இலிருந்தே தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் தருகிறது. கர்நாடக அரசு 2025இல் தனியார் நிறுவனங்களையும் சேர்த்து மாதத்துக்கு ஒரு நாள், வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று கொண்டுவந்தது. அதை எதிர்த்து முதலாளிகள் தரப்பு நீதிமன்றத்துக்கும் போனது. பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண்கள், ஓசூரிலிருந்து தினமும் போய் வருகிறவர்கள் எச்.ஆரிடம் இன்றைய நிலவரத்தைக் கேளுங்கள். வீடு எங்கே என்பது பொருட்டில்லை, வேலை செய்யும் இடம் எந்த மாநிலம் என்பதுதான் கணக்கு. உச்ச நீதிமன்றம் 2024இல் மாதவிலக்கு லீவ் தருவது அரசின் கொள்கை முடிவு என்று சொல்லிவிட்டது.

அதனால் இங்கே நாம் இருக்கிற லீவை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நோய்க்கு 12 நாள், தற்செயலாக 12 நாள், ஒரு வருடம் முடித்தவர்களுக்குச் சம்பளத்தோடு இன்னொரு 12 நாள். உங்கள் கம்பெனி லீவ் பாலிசியை எடுத்து இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில இடங்களில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து குறைத்து வைத்திருப்பார்கள்.

28 நாள் சுற்று என்றால் வருடத்துக்கு 13 தடவை வரும். மாதம் ஒன்று என்று சிக் லீவ் எடுத்தாலே கணக்கு முட்டும், நடுவில் டெங்கு வந்தால் எல்.ஓ.பி.தான், அதாவது சம்பளம் இல்லாத லீவ். நான் செய்வது இது: நோட்டைப் பார்த்து, சுற்றிலேயே மோசமான ஒரு நாள் எது என்று கண்டுபிடித்து, அதற்கு மட்டும் லீவ். முன்பின் நாட்களுக்கு வீட்டிலிருந்து வேலை, அல்லது பெர்மிஷன். வருடத் தொடக்கத்தில் அந்த வருடத்துச் சுற்றுகளைக் காலண்டரில் தோராயமாகக் குறித்துவைத்தால் பொங்கல், தீபாவளி லீவோடு எது ஒட்டும் என்பதும் தெரியும்.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ளவர்களுக்கு, அதாவது மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, சிகிச்சை இலவசம். சென்னையில் கே.கே. நகர், அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளுக்குப் போகலாம். உடம்பு முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு, வருடத்தில் 91 நாள் வரை தருவார்கள். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. முந்தைய தடவை முடிந்து 15 நாளுக்குள் மறுபடி வந்தால்தான் அந்த விதி தளரும். நமக்கோ மாதம் ஒருமுறை, இரண்டு மூன்று நாள். ஒவ்வொரு மாதமும் அந்த இரண்டு நாள் அடிபடும். அதனால் மாதாந்திர லீவுக்கு இ.எஸ்.ஐ. பணத்தை நம்பாதீர்கள். சிகிச்சைக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

6. மெடிக்கல் சர்டிபிகேட்

முதல் தடவை போகும்போதே வாங்கிவிட வேண்டாம். நோய் உறுதியான பிறகு கேளுங்கள். இரண்டு விதமாக வாங்கி வைப்பது நல்லது.

ஒன்று, லீவ் எடுத்த தேதிகளுக்கான சாதாரணச் சான்று. டாக்டரின் லெட்டர்ஹெட், பதிவு எண், கையெழுத்து, முத்திரை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது இருக்க வேண்டும். முத்திரையில் பதிவு எண் இல்லாத சான்றை எச்.ஆர். திருப்பி அனுப்பும். பழைய தேதி போட்டு எழுதித் தரச்சொல்லி டாக்டரை வற்புறுத்தாதீர்கள், அது உங்களுக்கே வம்பு.

இரண்டாவது, ‘இவர் என்னிடம் தொடர் சிகிச்சையில் இருக்கிறார். மாதந்தோறும் திரும்ப வரும் உடல்நலப் பிரச்சினை. அந்த நாட்களில் வீட்டிலிருந்து வேலை, இரவு ஷிஃப்ட் தவிர்ப்பு போன்ற ஏற்பாடுகள் உதவும்’ என்ற கடிதம். நோயின் பெயர் இதில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெயர் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது.

7. ஆபீஸில் யாரிடம், எவ்வளவு சொல்வது

சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. லீவும் மருந்தும் போதும் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போங்கள். ஷிஃப்ட் மாற்றமோ வேலை மாற்றமோ வேண்டும் என்றால்தான் சொல்லும் அவசியம் வரும்.

அதற்கு முன் ஒரு தாளில் உங்கள் மாத வேலைகளை எழுதி, கெட்ட வாரத்தில் எது உடைகிறது என்று நோட்டைப் பார்த்துக் குறியுங்கள். எனக்கு உடைவது கூட்டத்தில் பேசுவதும் எண் சரிபார்ப்பும். ரிப்போர்ட் எழுதுவது, டாக்குமென்ட் வேலை எல்லாம் ஓடும். பள்ளி ஆசிரியைக்குப் பெற்றோர் கூட்டமாக இருக்கலாம், நர்ஸுக்கு நைட் டியூட்டி, ஜவுளிக்கடையில் நிற்பவருக்குக் கேஷ் கவுன்டர். ‘எனக்கு முடியலை, ஏதாவது பண்ணுங்க’ என்று போனால் மேனேஜருக்கு என்ன செய்வதென்று தெரியாது. ‘இந்த ஒரு வேலையை மாதத்தில் நாலு நாள் மட்டும் மாற்றித் தாருங்கள், பதிலுக்கு இதை நான் பார்க்கிறேன்’ என்றால் பெரும்பாலும் நடக்கும்.

முதலில் நேரில் பேசுங்கள், நல்ல வாரத்தில், பத்து நிமிடம். அன்று மாலையே மெயில் போடுங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கலாம், ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசை:

‘இன்று பேசியதன் தொடர்ச்சியாக எழுதுகிறேன். எனக்கு மாதந்தோறும் திரும்ப வரும் ஒரு உடல்நலப் பிரச்சினை இருக்கிறது, மருத்துவரின் சிகிச்சையில் இருக்கிறேன். மாதத்தில் நான்கைந்து நாட்கள் பாதிப்பு இருக்கும். அந்த நாட்களில் வீட்டிலிருந்து வேலை செய்யவும், க்ளையன்ட் கூட்டங்களை வேறு தேதிக்கு மாற்றவும் அனுமதி கேட்கிறேன். தேதிகளை ஒரு வாரம் முன்பே தெரிவிப்பேன். மற்ற நாட்களில் வேலை முழுமையாக நடக்கும். மூன்று மாதம் இப்படிச் செய்துவிட்டு மறுபடி பேசலாம். மருத்துவரின் கடிதம் தேவையானால் எச்.ஆரிடம் நேரடியாகக் கொடுக்கிறேன்.’

‘மூன்று மாதம்’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். நிரந்தரம் என்றால் யோசிப்பவர்கள்கூட ‘சரி, பார்க்கலாம்’ என்பார்கள். கடைசி வரியும் முக்கியம். டாக்டர் கடிதம் டீம் லீட் கைக்குப் போனால் அது டீ பிரேக்கில் பேச்சாகிவிடும்.

ஆண் மேனேஜரிடம் பீரியட்ஸ் என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்ல வேண்டாம், ‘மாதாந்திர உடல்நலப் பிரச்சினை’ போதும். புரிந்துகொள்வார்கள். பெண் மேனேஜர் என்றால் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். ‘எங்களுக்கெல்லாம் வராததா?’ என்ற பதில் அங்கிருந்துதான் அதிகம் வருகிறது. அதற்கு விவாதம் பண்ணாமல், ‘இது டாக்டர் பார்த்து மருந்து தருகிற அளவுக்கு இருக்கு மேடம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள்.

மறுத்தால் எச்.ஆருக்கு மெயில். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் மனநோயும் ஒரு வகையாக இருக்கிறது, ஆனால் அதன் முக்கியச் சலுகைகளுக்கு 40 விழுக்காடு பாதிப்பு என்ற மதிப்பீடு வேண்டும். மாதத்தில் பாதி நாள் நலமாக இருக்கும் நமக்கு அது கிடைப்பது கடினம். அந்த வழியில் அலைய வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் பதில் கம்பெனியின் சம வாய்ப்புக் கொள்கை என்ற ஆவணத்தைக் கேளுங்கள். அதில் நியாயமான ஏற்பாடுகள் பற்றிய பகுதி இருந்தால் உங்கள் மெயிலில் அதையே மேற்கோள் காட்டலாம்.

8. கெட்ட வாரத்துக்கான ஏற்பாடு

ரிசைன் மெயில், மேனேஜருக்குச் சூடான பதில், வாட்ஸ்அப் குரூப்பில் நீண்ட விளக்கம்: மூன்றையும் பீரியட்ஸ் வந்த நாலாவது நாள் வரை அனுப்பக் கூடாது. எழுதலாம், டிராஃப்ட்டில் வைக்கலாம். அவுட்லுக்கில் எல்லா மெயிலும் சில நிமிடம் தாமதமாகப் போகும்படி ஒரு விதி போட்டுக்கொள்ளலாம். ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்தும் நேரத்தை 30 விநாடியாகக் கூட்டலாம். கை மீறி ராஜினாமா போய்விட்டால், அவர்கள் ஏற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பும் முன் ‘திரும்பப் பெறுகிறேன்’ என்று மெயில் போடுங்கள். போனில் சொன்னால் போதாது.

அப்ரைசல் தேதி கெட்ட வாரத்தில் விழுந்தால் இரண்டு வாரம் முன்பே மாற்றிக் கேளுங்கள். ஆபீஸில் ஒரே ஒருவரிடம், அக்கா மாதிரி இருக்கும் யாராவது இருந்தால், விஷயத்தைச் சொல்லி வையுங்கள். ‘நான் திடீரென்று எழுந்து போனால் பின்னாடியே வந்து என்னாச்சு என்று கேட்காதீங்க, மீட்டிங்கில் கவர் பண்ணுங்க போதும்’ என்று தெளிவாகக் கேளுங்கள். வீட்டில் ஒருவரிடம் காலண்டரைக் கொடுத்து வையுங்கள். கெட்ட வாரத்தில் உயிர் பற்றிய நினைப்பு வருகிறவர்கள் மாத்திரைகளை மொத்தமாகத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளாமல் அவரிடம் கொடுத்து, அன்றன்றைக்கு வாங்கிச் சாப்பிடுங்கள்.

9. இன்சூரன்ஸ்

மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். ஆனால் நடைமுறையில் குரூப் இன்சூரன்ஸ் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். நமக்கு ஆவதெல்லாம் ஓ.பி. செலவு. உங்கள் பாலிசியில் ஓ.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாக்டர் ரசீது, மருந்து பில், பிரிஸ்கிரிப்ஷன் மூன்றும் ஒரே பெயரில், ஒரே ஸ்பெல்லிங்கில் இருக்க வேண்டும். க்ளெய்மை எச்.ஆர். மூலமாகக் கொடுக்காமல் டி.பி.ஏ. (இன்சூரன்ஸ் க்ளெய்மைக் கையாளும் வெளி நிறுவனம்) ஆப்பில் நீங்களே ஏற்றுங்கள். சொந்தமாகப் புது பாலிசி எடுக்கும்போது இதை மறைக்காதீர்கள், பின்னாளில் வேறு எதற்கோ கேட்கும் க்ளெய்மை அதைக் காட்டித் தள்ளிவிடுவார்கள்.

10. மேனேஜர் மாறினால், வேலை மாறினால்

வாய்ப்பேச்சில் நடந்த ஏற்பாடு மேனேஜர் மாறிய அன்றே காணாமல் போகும். பழைய மெயிலையும் அவர் சம்மதித்த பதிலையும் புது மேனேஜர் வந்த முதல் மாதத்திலேயே ஃபார்வர்டு செய்யுங்கள். அதற்காக அந்தச் சங்கிலியை முன்பே உங்கள் சொந்த மெயிலில் ஒரு நகல் வைப்பதற்குக் கம்பெனி விதி இடம் தருமா என்று பாருங்கள். தராது என்றால் தேதியையும் சாராம்சத்தையும் நோட்டில் எழுதி வைத்தால் போதும்.

புது வேலைக்குப் போகும்போது இன்டர்வியூவில் இதைச் சொல்லத் தேவையில்லை. ஆஃபர் வந்தபின் லீவ் பாலிசியில் ப்ரொபேஷன் காலத்துச் சிக் லீவ் எத்தனை, வீட்டிலிருந்து வேலை உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சேரும் தேதியைத் தேர்வுசெய்ய விட்டால் நோட்டைத் திறந்து பீரியட்ஸ் முடிந்த வாரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். பழைய வேலையிலிருந்து இடைவெளி இருந்தால் இன்சூரன்ஸ் அந்த நாட்களில் இருக்காது என்பதால், டாக்டரைப் பார்த்து அடுத்த மாதத்துக்கும் சேர்த்து மருந்து எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.